எட்டு வயதுக்குத் தைத்த கவுன்

அந்தத் துணிக்கடையில் அவளுக்குப் பெயர் டேப்பக்கா. இருபத்தேழு வருடமாகக் கழுத்தில் இன்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, ட்ரையல் ரூமுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, ரெடிமேட் துணிகளை ஆட்களுக்குப் பொருந்த வைக்கிற வேலை. பேன்ட்டின் காலைக் குட்டையாக்குவாள். இடுப்பைப் பிடிப்பாள். போன மாதம் பிடித்த இடுப்பையே இந்த மாதம் அசடு வழியச் சிரித்துக்கொண்டு கொண்டுவருகிறவர்களுக்கு மறுபடி தளர்த்திக் கொடுப்பாள். ஆளை ஏற இறங்கப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். டேப் சும்மா சாட்சிக்குத்தான். சில நாள் கழற்ற மறந்து டேப்போடு பஸ் ஏறிவிடுவதும் உண்டு.

வேலையில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தில்தான் முரண்டு பிடிப்பாள். "வளர்ற புள்ள, கொஞ்சம் உள்ள மடிச்சு வச்சுத் தைங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்று யாராவது குழந்தைத் துணியை நீட்டினால் போதும், முகம் சுருங்கிவிடும். "அதெல்லாம் இங்க கெடையாது. வளர்ந்தா புதுசு வாங்குங்க." மேனேஜர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. இதற்கு என்ன காரணம் என்று கடையில் கேஷியரம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

காரணம், டேப்பக்காவின் அப்பா.

அப்பாவும் டெய்லர்தான். கை என்றால் அப்படியொரு கை. ஆனால் சொன்ன தேதிக்குக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்யாணத்துக்கு என்று கொடுத்த சட்டை, பிறக்கிற குழந்தையைப் பார்க்கப் போகும்போதுதான் கைக்கு வரும் என்று தெருவே கேலி செய்யும். "பட்டன் ஓட்டைக்குக் காஜா மட்டும்தான் பாக்கி" என்பது அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறை வரும். கடைசியில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவி, தெருமுனைக் கடையை மூடிவிட்டு, ரயிலில் ஆறு மணிநேரம் தள்ளியிருந்த ஊரில் பெரிய தையல் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது மகளுக்கு ஏழு வயது.

மகளுக்கென்று அவர் ஒரு விதமாகக் கவுன் தைப்பார். அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு. முதல் மடிப்பு மஞ்சள் நூல், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது பச்சை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு நிறத்தைப் பிரித்து விடுவார். கவுனும் அவளோடு சேர்ந்து ஒரு விரற்கடை வளரும். இடப்பக்கத் தையலுக்குள் உபரியாக ஒரு பட்டன் இருக்கும். அது பிள்ளையின் தோலில் உராயக் கூடாது என்று, அதே துணியில் ஒரு துண்டு வெட்டிப் பொட்டலம்போல் சுற்றித்தான் வைத்துத் தைப்பார். நான்கு வயதில் தைத்த கவுனில் ஏழு வயதுக்குப் பச்சையும் பிரிந்து தீர்ந்துபோனது. "அடுத்த பொறந்தநாளுக்குப் புதுசு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அந்த எட்டாவது பிறந்தநாள் வந்த மாதத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். மாதக் கடைசியில் வருகிறேன் என்று.

அந்த மாதம் பத்தாம் தேதி காலை, ஆற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்தது. மழையில் ஒரு தூண் அரித்துப்போய், கடைசி நான்கு பெட்டிகள் தண்ணீருக்குள் போயின. பன்னிரண்டாம் தேதி ஒரு போலீஸ்காரர் கையில் நோட்டோடு வீடு வீடாக வந்தார். அந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்களா என்று கேட்டார். அன்றுதான் பிறந்தநாள். முழங்காலுக்கு மேல் ஏறிப்போன பழைய கவுனோடு மகள் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வாய் என்றால் வாய். கூடி நின்ற தெருவையே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டு ஆளா? சொன்ன தேதிக்கே வராத மனுஷன், சொல்லாத தேதிக்கா வரப்போறாரு?"

அவ்வளவு சாவுக்கு நடுவிலும் தெரு சிரித்துவிட்டது. போலீஸ்காரரும் சிரித்தார். அவருக்கும் ஏதோ ஒரு டெய்லரிடம் ஒரு பேன்ட் மாட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாதக் கடைசி வந்தது. அப்பா வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த மாதமும் போனது. மூன்றாவது மாதம், அவரோடு வேலை பார்த்த ஒரு தையல்காரர் அந்தப் பக்கம் வந்தவர் வீடு தேடி வந்தார். "இங்க வரலையா? ஒரு நாள் லீவுகூடச் சொல்லாம ஆளு போய்ட்டாரு" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, பார்த்ததையும் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாராம். நீலப் பூப்போட்ட துணி, ஓரத்தில் லேஸ். யாருக்கு என்று கேட்டதற்குச் சிரித்தாராம். "வீட்டுக்குத் தெரிஞ்சிடக் கூடாது" என்றாராம்.

இதற்குமேல் என்ன வேண்டும்? எந்தத் தேதியில் போனார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. நீலப் பூவையும் லேஸையும் வைத்து ஒரு பெண்ணை முழுசாக உருவாக்க அந்தத் தெருவுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அன்று மாலை அம்மா கல்யாணப் போட்டோவைச் சட்டத்திலிருந்து உருவி, அவருடைய கத்தரிக்கோலாலேயே அவரை வெட்டி எடுத்து அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவர் பெயர் அந்த வீட்டில் பேசப்படவில்லை. "அந்த ஆளு" என்பதோடு சரி.

மகள் ஒரு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள். பிறகு வெறுத்தாள். அரைகுறையாக இல்லை, மனதார வெறுத்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். ஓடிப்போனவன் மகள் என்று வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை, பாவம், நல்லவன்தான். ஆனால் அவனும் வேலைக்காக வெளியூர் போகிறவன் என்று தெரிந்ததும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா விட்டுப்போன மெஷினில் அம்மா தைத்தாள், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் தைத்தாள். வயிறு அதனால்தான் நிறைந்தது. ஆனால் மடிப்பு வைத்து மட்டும் இவள் கை தைத்ததில்லை.

இப்போது அம்மாவுக்கு எண்பது. கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை.

கேஷியரம்மாவின் அண்ணன் அந்தப் பாலத்தில் போனவர். வருடா வருடம் பத்தாம் தேதி லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, ஆற்றங்கரை நினைவுக்கல்லுக்குப் போய்வருவாள். வந்ததும் ஒரு வாரத்துக்கு அந்தக் கல்லில் கடைசி வரியாக இருக்கிற குழந்தையைப் பற்றியே பேசுவாள். பெயர் தெரியாத ஒரு சிறுமி. எட்டு வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை, தேடியும் யாரும் வரவில்லை. "எங்கண்ணனுக்கு அழ நாங்க இருக்கோம். அந்தக் கொழந்தைக்கு யாருடி இருக்கா?" என்று மூக்கைச் சிந்துவாள். அண்ணனுக்குப் பூ என்றால், அந்தச் சிறுமிக்கு ஒரு சாக்லேட் தவறாமல் வாங்கிக்கொண்டு போவாள்.

இந்த வருடம் ஐம்பதாவது வருடம். கேஷியரம்மாவுக்கு மூட்டு வலி. "டேப்பு, தொணைக்கு வாடி. தனியாப் படி ஏற முடியாது" என்றாள். டேப்பக்கா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். முணுமுணுத்துக்கொண்டே, வெட்டுத்துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பொம்மைக் கவுனும் தைத்து எடுத்துக்கொண்டாள். சாக்லேட்டை எறும்புதான் தின்னும், இதுவாவது இருக்கட்டும் என்றாள்.

கிளம்பும்போது அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எவனோ செத்ததுக்கு நீ எதுக்குடி ஓடுற? போறதுதான் போற, அந்த ஆளு மாதிரி லேட்டா வந்து நிக்காத."

நான்கு மணிநேரப் பஸ். ஆற்றங்கரையில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசை அதிகாரிகளுக்கு. அவர்கள் இன்னும் வரவில்லை. விபத்து நடந்த அதே பத்து நாற்பதுக்கு, பாலத்தின் மேல் ஒரு ரயிலை நிறுத்தி நீளமாக ஊதச் செய்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கேஷியரம்மா இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். டேப்பக்காவுக்கு அழுகை வரவில்லை. மற்றவர்களைப் பார்த்துப் பரிதாபம் வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. இவர்களுக்கெல்லாம் அண்ணன், அப்பா, புருஷன் எங்கே போனான் என்று தெரியும். கல்லில் பெயர் இருக்கிறது. தொட்டு அழலாம்.

கல்லில் நூற்றுப் பதினேழு பேர். கடைசி இரண்டு வரிகளை அவளும் வாசித்தாள். 'அடையாளம் தெரியாத ஆண்கள் – மூவர். பெயர் தெரியாத சிறுமி, வயது எட்டு – ஒருவர்.' குனிந்து, அந்தச் சிறுமியின் வரிக்குக் கீழே பொம்மைக் கவுனை வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லையும் மேலே வைத்தாள்.

"ஸ்டேஷன்ல பழைய சாமானெல்லாம் வச்சிருக்காங்களாம். இந்த வருஷம்தான் முதல்முறையாத் தெறந்து காட்டுறாங்க. பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் கேஷியரம்மா.

ஸ்டேஷனை ஒட்டிய பழைய சரக்கறை அது. யாரும் உரிமை கேட்டு வராத பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். நின்றுபோன கைக்கடிகாரம், கறுத்த தூக்குச்சட்டி, ஒற்றைச் செருப்புகள், விரியாத குடை. ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கட்டிய ஒரு சீட்டு. ஓரமாக ஒரு ஸ்டூலில் வயசான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவராம். ஏலத்தில் போகவிருந்த இந்த மூட்டையைச் சண்டை போட்டுக் காப்பாற்றியவரும் அவர்தான் என்று கேஷியரம்மா காதில் சொன்னாள்.

கடைசிப் பெட்டியில் ஒரு கவுன் இருந்தது.

டேப்பக்கா முதலில் அதைத் தொழில்காரியாகத்தான் பார்த்தாள். சேற்றுக் கறை படிந்து பழுப்பேறியிருந்தாலும் தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லையே என்று தோன்றியது. கழுத்துப் பட்டியை எவ்வளவு சுத்தமாகத் திருப்பியிருக்கிறான், யாரோ கை தேர்ந்தவன். ஓரத்தில் லேஸ். துணியில் மங்கிப்போன சின்னச் சின்னப் பூக்கள். நீலம். எட்டு வயதுக்குச் சரியாக இருக்கும் என்று கண் தன்பாட்டுக்கு அளவு சொன்னது. பிறகு கண் கீழே இறங்கியது.

அடியில் மூன்று மடிப்பு. கீழே மஞ்சள் நூல். அதற்கு மேல் சிவப்பு. அதற்கும் மேல் பச்சை.

அவளுக்குக் காது அடைத்தது. பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்தில் டேப் இல்லாத நாளிலும் டேப்பைத் தேடும் பழக்கத்தில் கை கழுத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. ஒன்பதுக்கு மஞ்சள், பத்துக்குச் சிவப்பு, பதினொன்றுக்குப் பச்சை. பிரிக்கவே இல்லை. ஒரு மடிப்பைக்கூட யாரும் பிரிக்கவே இல்லை.

"அது அந்தக் கொழந்தையோடதும்மா" என்றார் ஸ்டோர் கிளார்க், எல்லோருக்கும் சொல்கிற குரலில். "ஆத்துல ரெண்டு மைல் தள்ளி ஒரு மரத்து வேர்ல துணிப் பை ஒண்ணு மாட்டியிருந்தது. உள்ள இந்தக் கவுனும் ஒரு ஜதை ரிப்பனும் இருந்துச்சு. கவுன் அளவ வச்சுப் பாத்தா எட்டு வயசு, கெடச்ச உடம்புல அந்த வயசுப் புள்ளை யாரும் இல்ல. அதனால தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சுன்னு முடிவு பண்ணி, கல்லுல சேத்தோம்."

டேப்பக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"சார், அதைக் கொஞ்சம் வெளிய எடுங்க."

"தொடக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"நான் தொடல. நீங்களே எடுத்து உள்பக்கம் திருப்புங்க. எடப்பக்கத் தையல்ல, இடுப்புக்குக் கீழ தடவிப் பாருங்க. ஒரு பட்டன் இருக்கும். சும்மா இருக்காது. அதே துணியில பொட்டலம் மாதிரி சுத்தி வச்சிருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். கேஷியரம்மாவும் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். ஐம்பது வருடம் காத்துவைத்த பொருளை ஒரு பச்சைக் குழந்தையைத் திருப்புவதுபோலத் திருப்பி, விரலால் தையலோரமாகத் தடவிக்கொண்டு போனார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஏதோ முடிச்சுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். நகத்தால் நெருடினார். நைந்த நூல் விட்டுக்கொடுத்தது. சேறு எட்டாத, வெயில் படாத ஒரு சின்னப் பொட்டலம் உள்ளங்கையில் விழுந்தது. அந்தத் துண்டில் மட்டும் நீலப் பூ நேற்று வாங்கியதுபோல இருந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் பட்டன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும்மா நீங்க?"

"எங்கப்பா தைச்சது."

"அப்போ அந்தக் கொழந்தை, உங்க தங்கச்சியா?"

"நான்தான் சார் அந்தக் கொழந்தை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கல்லில் ஐம்பது வருடமாகச் செத்துக் கிடந்தது அவள். இன்று காலை தனக்கே ஒரு பொம்மைக் கவுன் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஓடிப்போகாத ஒரு மனிதர் அந்தக் கல்லின் எந்த வரியிலும் பெயரில்லாமல் இருக்கிறார். ஐம்பது வருடமாக அவள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நீலப் பூக்காரி, அவளேதான்.

கேஷியரம்மா மூட்டு வலியை மறந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அடிப்பாவி, இத்தன வருஷமா உனக்கா நான் அழுதேன்? தெனமும் ரெண்டு வேளை எங்கூட டீ குடிச்சிட்டு இருந்தியேடி!" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி இவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் டேப்பக்காவுக்கு அழுகை வந்தது. எட்டு வயதில் ஜன்னலோரம் அழாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. சரக்கறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

வெகுநேரம் கழித்து ஸ்டோர் கிளார்க் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடையாளம் தெரியாத அந்த மூன்று ஆண்களும் ஸ்டேஷனுக்குப் பின்னால் அடுத்தடுத்துப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் அவராக இருக்கலாம், எது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லி ஆறுதல் தரத் தெரியாத மனிதர். கல்லில் பெயர் ஏற வேண்டுமென்றால் ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்று மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். கவுனையும் அதற்குப் பிறகுதான் கொடுக்க முடியும்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்போ இதுல அவங்க கையெழுத்துதான் வேணும். மனைவி உயிரோட இருந்தா மகள் போட்டாச் செல்லாது. அவரு பேரையும் அவங்க கையாலயே எழுதணும்."

டேப்பக்கா தாளைப் பார்த்தபடியே நின்றாள். அந்தப் பெயரை அம்மா வாயால் சொல்லி ஐம்பது வருடமாகிறது. எழுதுவாளா? இதை அவளிடம் எப்படிச் சொல்வது? கோபம் ஒன்றைத்தானே கைத்தடியாக ஊன்றிக்கொண்டு இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். எண்பது வயதில் அதைப் பிடுங்கினால் விழுந்துவிட மாட்டாளா? சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். சொல்லாவிட்டால் அப்பா கல்லில் ஏற முடியாது. ஓடிப்போனவராகவே இருப்பார்.

கிளம்பும்போது ஸ்டோர் கிளார்க் பின்னாலேயே வந்து, பொட்டலத்தை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். "கவுன் லிஸ்ட்ல இருக்கு. பட்டன் லிஸ்ட்லயே இல்ல. லிஸ்ட்ல இல்லாத பொருள் எப்படிம்மா காணாமப் போகும்?" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண் தெரியாவிட்டாலும் விரல் தடவலிலேயே ஒரு தலையணை உறைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பழைய கத்தரிக்கோல்.

"லேட்டு. அப்படியே அந்த ஆளு ரத்தம்" என்றாள் தலையைத் தூக்காமல்.

டேப்பக்கா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. பொட்டலத்தை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"தொட்டுப் பாரும்மா."

அம்மா பெருவிரலால் தடவினாள். பட்டனின் விளிம்பு, சுற்றியிருந்த துணி, கட்டியிருந்த நூல். விரல் அசையாமல் நின்றது. இப்படிப் பட்டனைப் பொத்தி வைக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் என்று அந்த விரலுக்குத் தெரியும்.

"எங்க பார்த்த? உயிரோட இருக்கானா?" குரலில் ஐம்பது வருடக் கோபமும் அப்படியே எழுந்து நின்றது. "அவளும் கூட இருக்காளா?"

"அவ இங்கதாம்மா இருக்கா. உன் எதிர்லதான் உக்காந்திருக்கா. அந்த நீலப் பூத் துணி, எனக்குத் தைச்ச கவுனும்மா. மூணு மடிப்பு வச்சு. நமக்குச் சொல்லாம எடுத்துட்டு வரணும்னு ஒளிச்சு வச்சுத் தைச்சிருக்காரு. என் பொறந்தநாளுக்கு."

அம்மா பொட்டலத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீலம் தெரிந்திருக்க வேண்டும்.

"வந்துட்டு இருந்தாராம்மா. அந்த ரயில்லதான்."

"எந்த ரயில்?"

"பாலத்துல போச்சே, அந்த ரயில்."

அம்மாவின் முகத்தை அப்படி டேப்பக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்து, சொல்ல வந்த ஏதோ ஒன்று பாதியில் நின்று, முகம் முழுக்க வெறும் திகைப்பு. மடியிலிருந்த தலையணை உறை வழுக்கித் தரையில் விழுந்தது. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"போலீஸ்காரரு வந்தாரு" என்றாள் அம்மா மெதுவாக. "நோட்ட வச்சுக்கிட்டு. வாசல்லதான் நின்னாரு. அப்போதானடி நான் கேலி பேசினேன். தெருவே சிரிக்கப் பேசினேன்."

"அம்மா, உனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்?"

"மண்ணுல போடுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போய்ப் பார்த்திருப்பேன். நான் பார்த்தாத் தெரிஞ்சிருக்கும். சட்டையோட காஜாவ வச்சே சொல்லியிருப்பேன்." பொட்டலத்தை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடினாள். டேப்பக்கா அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறென்ன செய்ய முடியும்?

வெளிச்சம் போவதற்குள் டேப்பக்கா அந்தத் தாளை எடுத்தாள். கல்லில் யார் யார் பெயர் இருக்கிறது, எந்த வரியில் அவள் இருக்கிறாள், இந்தத் தாளில் யார் எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். முடியாது என்று வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பேனாவை நீட்டினாள்.

அம்மா பேனாவை வாங்கினாள். மகள் விரலை வைத்துக் காட்டிய இடத்தில், முகத்தைத் தாளோடு ஒட்டவைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. ஆனால் ஒன்றுகூட விடவில்லை. ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் முழுசாக இருந்தது. கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

"உன்ன அந்தக் கல்லுலேருந்து எறக்கச் சொல்லு. அவர ஏத்தச் சொல்லு" என்றாள். "இன்னும் ஏதாவது எழுதணுமா?"

"வேறு குறிப்பு ஏதாவது இருந்தா எழுதலாம்னு போட்டிருக்கு. கட்டாயம் இல்லம்மா."

"எழுது. என் கையால முடியாது, நீ எழுது." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சொன்ன தேதிக்கு இருபது நாள் முன்னாடியே கிளம்பி வந்துட்டாருன்னு எழுது."